கேஷியர் எழுந்து போகக் கூடாது

ஆடிட் வேலை பார்க்கிறவனுக்கு எந்த ஆபீசிலும் நாற்காலி கிடைக்கும், காபி கிடைக்கும். ஆனால் அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். இந்த வேலையில் இருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஒரு கடலை எண்ணெய் ஆலைக்கு என்னை அனுப்பினார்கள். பப்ளிக் கம்பெனி. சுற்றுவட்டார விவசாயிகளும் வியாபாரிகளும் பங்கு வாங்கியிருந்தார்கள். வெளி ஆடிட்டர்கள் வந்து பார்த்து, 'கணக்கு முறையில் உள் கட்டுப்பாடு போதாது' என்று ஒரு பக்கம் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்லத்தான் நான். "ஒரு வருஷத்துல எல்லா ஓட்டையும் அடைச்சாகணும்" என்று மெட்ராஸ் தலைமை ஆபீசில் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு முப்பது வயது. ஓட்டையைப் பார்த்தால் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று சாவி

கேஷியர் பெயர் தரணேந்திர நயினார். தொண்டூர் ஜைனர். தினமும் அங்கிருந்து சைக்கிளில் வருவார். கல்லாப்பெட்டிச் சாவி, கணக்குப் புத்தக அலமாரிச் சாவி, மூட்டை வைக்கிற கொட்டகைச் சாவி மூன்றும் அவர் இடுப்பில்தான். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வண்டி வந்தால் அவரே எழுந்து வெளியே போவார். மூட்டைகளை எண்ணுவார், ஒன்றைப் பிரித்து நாலு கொட்டையை உடைத்துப் பார்ப்பார், திரும்பி வந்து பணத்தைக் கொடுத்து அவரே கணக்கும் எழுதுவார். ஆடிட் பாடத்தில் எது எது கூடாது என்று படித்தேனோ அத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தது.

முதல் வாரத்திலேயே விதிகள் எழுதிக் கையில் கொடுத்தேன். பணம் கொடுப்பவர் கணக்கு எழுதக் கூடாது. எடை போடுபவர் பணம் கொடுக்கக் கூடாது. கேஷியர் வேலை நேரத்தில் இடத்தை விட்டு எழுந்து போகக் கூடாது. இப்படி ஒன்பது. அலமாரிக்கும் கொட்டகைக்கும் பூட்டை மாற்றிப் புதுச் சாவிகளை வேறு இருவரிடம் கொடுத்தேன். நயினார் பழைய சாவிகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்பிக்கை இல்லைன்னு வாயால சொல்லியிருந்தா நானே கொடுத்திருப்பேன் சார். பூட்டு செலவு மிச்சம்."

அமாவாசைக் கையெழுத்து

மேனேஜர் வெளியூர் போகும்போதெல்லாம் வெற்று வவுச்சர்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகிற வழக்கம் இருந்தது. அதையும் நிறுத்தினேன். இனி ஒவ்வொரு கொள்முதலுக்கும் எடைச் சீட்டு இருக்க வேண்டும். மேனேஜரும் கணக்கரும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம்.

அடுத்த அமாவாசைக்கு மேனேஜர் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டார். ஸ்பெஷல் பஸ் கூட்டத்தில் சிக்கி அன்றைக்குத் திரும்பவே இல்லை. மண்டகப்பட்டிலிருந்து வந்த ஐந்து வண்டிகள் எடை போட்டு, மூட்டை இறக்கி, சீட்டோடு நின்றன. பணம் மட்டும் கொடுக்க முடியவில்லை. காலையில் வந்தவர்கள் வெயில் தாழும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் விதிகளை விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்த ஓர் அம்மாள் எழுந்து, முந்தானையை ஏந்திக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "உன் ரூல்ஸ்ல ரெண்டு படி அளந்து போடு தம்பி. வூட்ல கொண்டும்போய் உலை வெக்கறேன்."

பத்தாவது விதி

அந்த ஏந்திய முந்தானை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மேனேஜர் குங்குமப் பொட்டலத்தோடு வந்து ஆறுதல் சொன்னார். தப்பு விதியில் இல்லையாம். அவசரத்துக்கு ஒரு வழி வைக்காததுதான் தப்பாம். விவசாயி காத்திருக்கக் கூடாது என்றால், அவசரக் கொள்முதலுக்கு அவர் ஒருவரின் கையெழுத்தே போதும் என்று வைத்துவிடலாம், எடைச் சீட்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கும் அது மனிதாபிமானமாகத்தான் பட்டது. பத்தாவதாக எழுதிச் சேர்த்தேன். மேனேஜர் அன்று என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொன்னார்: "மெட்ராஸ்லேர்ந்து வர்றவங்கள்ல உங்களை மாதிரி ஒரு நல்ல மனுஷனை நான் பார்த்ததில்லை சார்."

ஆறு மணி

சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லாவை என் முன்னால் எண்ண வேண்டும் என்பதும் என் விதிகளில் ஒன்று. நயினார் எண்ணி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். ஐந்தாறு மாதம் இப்படிப் போயிற்று. ஆள் இளைத்துக்கொண்டே வருகிறாரே என்று ஒருநாள் கேட்டபோது வாட்ச்மேன்தான் சொன்னார். ஜைனர் வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் அவர் சாப்பிடுவதில்லை. முன்பெல்லாம் நாலரைக்குக் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் சாப்பிட்டுவிடுவார். இப்போது மத்தியானம் கொண்டுவரும் டப்பாவோடு சரி.

மறுநாள் காலையிலேயே அவரிடம் போய், எண்ணுகிற நேரத்தை நாலு மணிக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன். ரொம்பக் கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் நோட்டுகளை ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். அவர் சொன்னதை அப்போது வீம்பு என்று எடுத்துக்கொண்டேன். எச்சரிக்கை என்று புரிய இன்னும் சில மாதம் ஆயிற்று. "மேனேஜருக்கு ஒருதரம் மாத்தினீங்க. எனக்கும் மாத்தினா அப்புறம் அது இன்னா ரூல் சார்?"

வராத வண்டிகள்

மார்ச் கடைசியில் சரக்கு எண்ணினோம். புத்தகத்தில் இருந்த மூட்டைகளில் ஒரு கொட்டகை அளவுக்குக் காணோம். இரண்டு நாள் திரும்பத் திரும்ப எண்ணினேன். பிறகு வவுச்சர்களை எடுத்து, கேட்டில் வாட்ச்மேன் எழுதுகிற வண்டி நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். அவசரக் கொள்முதல் என்று போட்ட வவுச்சர்களில் பாதிக்கு மேல் அப்படி ஒரு வண்டி கேட்டுக்குள் வந்ததாகவே நோட்டில் இல்லை. எல்லாவற்றிலும் மேனேஜர் கையெழுத்து மட்டும். பணம் வாங்கிப்போனது அவருடைய மைத்துனர். விவசாயிகள் கேட்டுக்கொண்டதாகச் சொல்லி அவர்கள் பெயரில் வாங்கியிருக்கிறார்.

நயினாரிடம் போனேன். கோபத்தோடுதான் போனேன். "வண்டி வந்துதா இல்லையான்னு நீங்க எட்டிக்கூடப் பாக்கலையா?" என்றேன். அவர் இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்து வைத்திருந்த என் விதித் தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "எழுந்து போகக் கூடாதுன்னு நீங்க எழுதறவரைக்கும் பாத்துக்கிட்டுதான் சார் இருந்தேன்."

ஒரு வரி

இப்போது சொல்வதுதான் கஷ்டம். ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். மேனேஜர் செய்ததை எழுதினால், பத்தாவது விதியை எழுதியது யார் என்று கேட்பார்கள். பழி என் ஒருவன் தலையில் விழாமல் கொஞ்சம் பரவினால் தேவலை என்று தோன்றியது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. 'கேஷியரின் கவனக்குறைவும் இதற்கு ஒரு காரணம்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

மேனேஜர் உடம்பு சரியில்லை என்று ராஜினாமா கொடுத்தார், மைத்துனர் கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கட்டினார், விஷயம் அமுங்கியது. அந்த வரியைக் காட்டி நயினாரை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிக் கடிதம் வந்தது. கடைசி நாள் கல்லாவை எண்ணினோம். செப்புக் காசுவரை சரியாக இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு அவர் போகாமல் நின்றார். ஏதாவது திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "சரியா இருக்குதுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்க சார். வூட்ல காட்டணும்."

பங்குதாரர் கேள்வி

அந்த வருஷப் பங்குதாரர் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. தலைவர் அறிக்கையை வாசித்தார். 'உள் கட்டுப்பாட்டில் இருந்த குறைகள் யாவும் நீக்கப்பட்டன' என்ற இடத்தில் கைதட்டினார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அப்போதுதான் கடைசி பெஞ்சில் நயினாரைப் பார்த்தேன். கம்பெனி தொடங்கிய காலத்தில் அவர் ஐந்து பங்கு வாங்கியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டதும் அவர் எழுந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ரிப்போர்ட் நல்லா இருக்குது. கேஷியர் கவனக்குறைவுன்னு ஒரு வரி போட்டிருக்குது. அந்த வரிக்கு வவுச்சர் இருக்குதா?" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கையிலிருந்த தாள்களை அடுக்கிச் சரிசெய்துகொண்டிருந்தேன். நயினார் உட்காரவில்லை. கடைசியில் தலைவர்தான் சிரித்துக்கொண்டே பேசினார்: "உக்காருங்க நயினாரே, நேரமாவுது. எல்லாருக்கும் டிபன் ஆறிப்போவுது."

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்து நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன். நான் எழுதிய ஒரு ரிப்போர்ட்டைக்கூட யாரும் தப்பு என்று திருப்பி அனுப்பியதில்லை என்பது ஒன்றுதான் இந்தத் தொழில்மேல் எனக்கு உள்ள குறை.