வீட்ஸ்கேயின் மணிக்கோல்

லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நாற்பத்தைந்து நிமிடம் நடக்கும். அது முடிந்த நொடியில் வெள்ளிமணிகள் தொங்கும் கோலோடு உள்ளே நுழைந்து, தரையில் ஓங்கித் தட்டி, “ஹோரா எஸ்ட்”, அதாவது நேரமாகிவிட்டது என்று அறிவிப்பது வீட்ஸ்கேயின் வேலை. பேசுகிறவர் பாதி வார்த்தையில் இருந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு நொடி முந்தியதில்லை, பிந்தியதும் இல்லை. மண்டபத்துக்கு வெளியே காப்பி ஊற்றும் எனக்குச் சில நாள் எரிச்சலாகவே இருக்கும்.

அவள் கணவன் யெல்லே ரயிலில் டிக்கெட் பரிசோதகன். எங்கள் நாட்டில் காலையில் வடகோடி க்ரோனிங்கனில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் தென்கோடி மாஸ்ட்ரிக்ட். அதைத் தாண்டினால் அடுத்தவன் நாடு. வண்டி திரும்பும்வரை மற்றவர்கள் சீட்டாடுவார்கள். இவன் அந்தந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். க்ரோனிங்கனில் அரை அத்தியாயம், உட்ரெக்டில் அடிக்குறிப்பு, நைமேகனில் தூக்கம். ரயில் வருவதற்கு முன் ஒவ்வொரு ஊரும் தனித்தனி நேரம் வைத்திருந்த கதையை இப்படிப் பதினொரு வருடம் எழுதினான்.

ஐம்பத்தெட்டு வயதில் அவனுக்கு வாய்மொழித் தேர்வு. லீவு போடச் சொன்னார்கள், வீட்ஸ்கே கேட்கவில்லை. அன்றும் கோல் அவள் கையில்தான்.

கதவிடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பேராசிரியர் கேட்டார்: “உங்க புத்தகத்துல ஸ்டேஷன் மாஸ்டர் வர்றார், மேயர் வர்றார். ஊர் நேரம் போனப்ப சாதாரண ஜனங்க எதை இழந்தாங்க? அதப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?”

யெல்லே வாய் திறக்கவில்லை. நாற்பத்திரண்டாவது நிமிடம். பட்டம் போய்விடாது, மானம் போகும். டிக்கெட் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் முன்வரிசையிலேயே இருந்தார்கள்.

“உள்ள போயிடு வீட்ஸ்கே,” என்றேன். “மூணு நிமிஷத்த யாரு எண்ணப் போறாங்க?”

“யெல்லே எண்ணுவான்.”

“கல்நெஞ்சக்காரி.”

“ஆமா. உன் காப்பி ஆறுது, போய்ப் பாரு.”

அப்போதுதான் பார்த்தேன். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கோலின் மணிகள் மெல்லக் கிணுகிணுத்தன. எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.

உள்ளே யெல்லே தொண்டையைச் செருமினான். “முன்னெல்லாம் ஒருத்தருக்காக ஒருத்தர் நின்னா, சும்மா நிக்கிறதுதான். எல்லா ஊருக்கும் ஒரே கடிகாரம் வந்ததும் அதுக்குத் தாமதம்னு பேரு வச்சிட்டாங்க. நிம்மதியா காத்துக்கிட்டு நிக்கிறது போச்சு. அப்படி நின்னவங்க...”

கதவு திறந்தது. கோல் தரையில் இறங்கியது.

“ஹோரா எஸ்ட்.”

“வாக்கியத்த முடிச்சுக்கலாம்,” என்றார் தேர்வுக் குழுத் தலைவர்.

“வேணாங்க. நான் அவங்க வீட்டுக்குத்தான் போகணும்,” என்றான் யெல்லே. மண்டபமே சிரித்தது.

பட்டத்தோடு வெளியே வந்தவனிடம் வீட்ஸ்கே கேட்டாள்: “என்னத் திட்டினியா?”

“முதல் நிமிஷம் நல்லாத் திட்டினேன். அப்புறம் மணிச் சத்தம் கேட்டுச்சு. ‘இவ வெளிய நடுங்கிக்கிட்டு நிக்கிறா, ஆனா நேரத்துக்கு முன்னாடி வரமாட்டா’ன்னு புரிஞ்சுது. அப்பதான் பதிலே வந்துச்சு.”

வீட்ஸ்கே கோலை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பத்தொன்பது வருடத்தில் அவள் அதை யாரிடமும் கொடுத்ததில்லை.