ஆசனத்துக்கடியில் ஒரு போத்தல் டீசல்

என் கணவர் வேலை செய்த கொம்பனி தன் பழைய டீசல் ட்ரக்குகளை வரிசையாக நிறுத்தி விற்கத் தொடங்கியபோது, மாகாண அரசு புதிய புகை விதி கொண்டுவரப் போவது எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாங்கினோம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவ்வளவு மலிவு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

பின்னால் பெரிய பெட்டி வைத்த வெள்ளை ட்ரக் அது. பத்து வருடம் மரக்கறி ஏற்றியது. கதவைத் திறந்தால் வெங்காய மணம் முகத்தில் அடிக்கும். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் பின்புறத் தரிப்பிடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, வேலையால் வந்த உடுப்போடு உள்ளே ஏறி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தேன். இங்கே மெத்தை. இங்கே காஸ் அடுப்பு. அந்த மூலையில் தண்ணீர்க் கலன். பழைய சேலை இரண்டைக் கிழித்தால் திரைச்சீலை. இந்த ஊர்க்காரர் கோடை வந்தால் வீட்டையே சில்லில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்து ஆறு வருடம் வயிறெரிந்தவள் நான். இனி எனக்கும் ஒன்று இருந்தது.

நாங்கள் போகவேண்டிய இடம் கடல். நோவா ஸ்கோஷியா வரை ஓடி, உப்புத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத் திரும்பவேண்டும், அவ்வளவுதான். நான் கடற்கரையில் பிறந்தவள். ரொறன்ரோவுக்கு வந்த முதல் கோடையில் ஏரியைக் கண்டதும் ஓடிப்போய் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். இரண்டு வயதில் இங்கே வந்த மகளுக்கோ கடல் என்ற ஒன்றே ஞாபகத்தில் இல்லை. எட்டு வயதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவள், "அம்மா, லேக்கும் ஸீயும் சேம் தானே?" என்று கேட்டாள்.  இந்த வருடம் போகிறோம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

கணவருக்கு ஒக்டோபர் முதல் சனிக்கிழமையிலிருந்து இரண்டு வாரம் லீவு கிடைத்தது. ட்ரக்கின் இலக்கத் தகட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் அதற்கு முந்திய வியாழக்கிழமையோடு முடிகிறது. புது ஸ்டிக்கர் வேண்டுமென்றால் புகைப் பரிசோதனையில் தேறிய பத்திரம் வேண்டும். மெத்தை போட்டு அடுப்பு வைத்த பிறகு அது வீடுதானே, வீட்டுக்கு எதற்குப் புகைப் பரிசோதனை என்று லைசென்ஸ் கந்தோரில் கேட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பத்திரத்தைத் தட்டிக் காட்டினாள். அதில் ட்ரக் என்றுதான் இருந்தது.

பரிசோதனைக்குப் போகும் காலையில் நான் முன்சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். தட்டில் கர்ப்பூரத்தையும் சாம்பிராணியையும் எடுத்துக்கொண்டு வந்தபோது மகள் வழியை மறித்தாள். "அம்மா, ஸ்மோக் டெஸ்ட்டுக்குப் போகேக்க ஸ்மோக் போடாதேங்கோ." சொல்வதில் நியாயம் இருந்தது. சாம்பிராணியைத் திருப்பி வைத்துவிட்டுக் கர்ப்பூரத்தை மட்டும் கொளுத்தினேன்.

பரிசோதனைக் கராஜில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருந்தார். புகைபோக்கிக் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகினார். கம்பியின் மறுமுனை ஒரு பெட்டியில். வண்டி கியரில் இல்லாமல் நிற்கும்போது மிதியைத் தரைவரைக்கும் சட்டென்று மிதிக்கவேண்டும், விடவேண்டும், திரும்ப மிதிக்கவேண்டும். எவ்வளவு கறுப்பாகப் புகை வருகிறதோ அவ்வளவு பெரிய இலக்கத்தைப் பெட்டி காட்டும். எல்லைக்குள் இருந்தால் தேறியது.

என் கணவர் மிதித்தார். மிதித்தார் என்று எழுதுவதே பொய். தூங்கும் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டார். எஞ்சின் ஒரு முனகல் முனகியது. பெட்டி அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இன்னும் மிதியுங்கள் என்றார் மீசைக்காரர். திரும்பவும் அதே தடவல். மூன்றாம் முறை அவர் கணவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி ஒரு மிதி மிதித்தார். குழாயிலிருந்து வெளியே வந்த கறுப்பைப் பார்த்து நான் இரண்டு அடி பின்னால் போனேன். கராஜுக்குள் இருமாத ஆள் இல்லை.

அன்றைக்குத் திங்கட்கிழமை. லீவு தொடங்க ஐந்து நாள்.

எங்கள் கட்டடத்து ஒன்பதாம் மாடியில் பதினெட்டுச் சில்லு ட்ரக் ஓடுகிற அண்ணை ஒருவர் இருந்தார். வன்கூவர் வரைக்கும் போய் வருகிறவர். பின்னேரம் அவரைக் கூட்டிவந்து காட்டினோம். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார், எஞ்சினைக் கிளப்பிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, தம்பி இதை எப்பிடி ஓடுறவர்?"

"எப்பிடியோ. சவ ஊர்வலத்தில போறமாதிரி."

"அதுதான். எஞ்சினில பிழை ஒண்டும் இல்லை. மெல்ல மெல்ல ஓடி உள்ளுக்கெல்லாம் கரி பிடிச்சுப் போச்சு. பாரத்தை ஏத்திக்கொண்டு ஏத்தத்தில நல்லா அமத்தி ஓடினா கரி முழுக்க எரிஞ்சு போகும். அடியாத மாடு படியாது."

 எனக்கு நரம்பெல்லாம் துள்ளியது. வருத்தம் இன்னதென்று தெரிந்துவிட்டது, மருந்தும் கையில் இருக்கிறது. அவர் ஓட்டுவதைப் பற்றி இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் சரி என்று அனுபவஸ்தர் ஒருவரே சொல்லியும்விட்டார்.

அவருடைய கால் அப்படிப்பட்டது. 401 நெடுஞ்சாலையில் எல்லோரும் பறக்கும்போது இவர் வலதுகைக் கரையோரம் ஊர்ந்துகொண்டு இருப்பார். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், சிலர் கடந்துபோகும்போது விரலும் காட்டுவார்கள். இவர் அசையமாட்டார். அதோடு, எந்த வாகனம் ஓடினாலும் தன் ஆசனத்துக்கடியில் ஒரு சோடாப் போத்தலில் எரிபொருள் வைத்திருப்பார். சந்திக்குச் சந்தி பெற்றோல் நிலையம் உள்ள ஊரில் எதற்கு இது என்று நான் நக்கலடிப்பேன். இந்த ட்ரக்கிலும் வாங்கிய அன்றே ஒரு போத்தல் டீசல் வந்து குந்திவிட்டது. ஊரில், சண்டையில் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் அவர் வாடகைக்கு ஹயர் கார் ஓடியவர். ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். அந்தக் காலத்துக் கஞ்சத்தனம் இன்னும் விடவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பாரத்துக்கு என்ன செய்வது? அதையும் ஒன்பதாம் மாடி அண்ணையே ஒழுங்குபடுத்தினார். அஜின்கோர்ட்டில் அவருக்குத் தெரிந்த கடைக்காரர் அஜக்ஸில் இன்னொரு கடை திறக்க இருந்தார். அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க அரிசி மூட்டைகள் கிடந்தன. கடைக்காரருக்கு அரிசி போகும், எங்களுக்குக் கரி போகும். புதன்கிழமை நான் வேலைக்கு வருத்தம் என்று சொல்லிவிட்டேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டோம். மெத்தையைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, பெட்டி நிறைய அரிசி ஏற்றினோம். ட்ரக் பின்பக்கம் பதிந்து நின்றது.

401 இல் கிழக்கே போனால் ரூஜ் ஆற்றுக்கு இறங்கி, பிறகு ஒரு நீண்ட ஏற்றம் வரும். அந்த ஏற்றத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். ஆற்றுப் பாலம் கடந்தது. ஏற்றம் தொடங்கியது. ட்ரக் தவழத் தொடங்கியது.

"அமத்துங்கோ."

"அமத்துறன் தானே."

"உது அமத்திறதோ? கால் மேலால கிடக்குது. அமத்துங்கோப்பா."

பின்னால் ஒரு பெரிய ட்ரக் நெருங்கி வந்து சங்கு ஊதியது. கண்ணாடியில் அதன் மூக்கு மட்டும் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் வார்த்தை தானாக வந்தது.

"நாங்கள் கனடாவுக்கு வந்து ஆறு வருசம். உங்கட கால் மட்டும் இன்னும் வந்து சேரேல்லை."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீதியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்டைக்கு உம்மை ஏத்திக்கொண்டு போகேக்கதானே எண்ணெய் முடிஞ்சது. கெதியாப் போவம் எண்டு அமத்தினன். அமத்தினதாலதான் முடிஞ்சது."

அவர் சொன்னது மகள் பிறந்த நாளை. நோ கண்டு அவருடைய காரில் ஆசுப்பத்திரிக்குப் போனபோது பாதி வழியில் எண்ணெய் தீர்ந்து கார் நின்றுவிட்டது. வீதியில் நின்ற சனமெல்லாம் சேர்ந்து தள்ளி, தள்ளித் தள்ளியே வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆசுப்பத்திரி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்த காரில் போய்ப் பிள்ளை பெற்ற ராசாத்தி என்று நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். எட்டு வருடமாகப் பகிடி விட்டிருக்கிறேன். அவரும் கூடவே சிரிப்பார். அந்த நாள் அவருடைய காலில் தங்கியிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது.

 கையை நீட்டி எண்ணெய் முள்ளின் மேலிருந்த தூசியைத் துடைத்தேன்.

"பாருங்கோ. முழுசா நிக்குது. உங்களுக்குக் கீழ போத்தலும் கிடக்குது. நானும் ஒரு நோவும் இல்லாமல் பக்கத்தில இருக்கிறன்."

அவர் ஒருமுறை முள்ளைப் பார்த்தார். கியரை ஒன்று குறைத்தார். மிதித்தார்.

ட்ரக் உறுமியது. இத்தனை நாளும் அந்த உறுமலை உள்ளுக்குள் வைத்துக்கொண்டுதான் அது திரிந்திருக்கிறது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வானமே இல்லை, ஒரே கறுப்பு. சங்கு ஊதியவர் பின்தங்கிப் போய்விட்டார். பாவம், அவரை நினைத்தும் சிரிப்பு வந்தது. "இன்னும், இன்னும்" என்று நான் டாஷ்போர்டில் தட்டினேன். அவர் இன்னும் மிதித்தார். ஏற்றம் முடிந்தும் விடவில்லை. அரிசியை இறக்க முதலே அஜக்ஸ் வரைக்கும் போய், நெடுஞ்சாலையை விட்டிறங்கித் திரும்பி, பழையபடி ஆற்றுக்கு இறங்கி, மறுபடி ஏறினோம். இரண்டாம் ஏற்றத்தில் புகை சாம்பல் நிறமானது. மூன்றாம் ஏற்றத்தில் கண்ணாடிக்குள் மரங்கள் தெரிந்தன. மஞ்சளும் சிவப்புமாக, இலை இலையாகத் தெரிந்தன.

"நாலாம் தரமும் ஒருக்கா ஏறுவமே?" என்று கேட்டார் என் கணவர். முகமெல்லாம் பல். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. கடைக்காரர் அரிசிக்குக் காத்துக்கொண்டு நிற்பதை நான்தான் ஞாபகப்படுத்தவேண்டி இருந்தது.

வியாழக்கிழமை கராஜில் மீசைக்காரர் எங்களைக் கண்டதும் கதவுகளை அகலத் திறந்துவைத்தார். கம்பியைச் செருகிவிட்டுத் தானே ஏறப் போனவரை என் கணவர் கையால் மறித்தார். நானே மிதிக்கிறேன் என்றார். மிதித்தார். கூரைத் தகடு அதிர்ந்தது. விட்டார், மிதித்தார், விட்டார், மிதித்தார். போதும் போதும் என்று மீசைக்காரர் கை காட்டிய பிறகும் ஒரு மிதி மிதித்தார். பெட்டி காட்டிய இலக்கம் எல்லைக்குள் நின்றது. பத்திரத்தை வாங்கும்போது, இது போகும் வழியில் கியூபெக்கிலும் செல்லுமா, அங்கே புகைக்கு வேறு சட்டமா என்று கேட்டார் கணவர். மீசைக்காரர் தோளைக் குலுக்கினார். இப்படி ஓடினால் எந்த மாகாணத்திலும் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்றார். கந்தோர் பூட்ட முதல் ஓடிப்போய் ஸ்டிக்கரை வாங்கி நானே ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டினேன்.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். முன்னால் மூவரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். பின்னால் மெத்தைக்குள் இன்னும் வெங்காய மணம். மூன்றாம் நாள் பின்னேரம், ஒரு வளைவு திரும்பியதும் காற்று மாறியது. எனக்குத் தெரிந்த காற்று. "நிப்பாட்டுங்கோ" என்று நான் கத்தியதில் மகள் பயந்துபோனாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கற்களுக்கு மேலால் ஓடினேன். தண்ணீர் ஐஸ் போலக் குளிர்ந்தது. ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். கைத்தது. உப்புக் கைத்தது. மகளும் அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினாள். "அம்மா, இட்ஸ் நொட் த சேம்" என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கணவரைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் ட்ரக்கின் பக்கத்தில், எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். ஆசனத்துக்கடியில் இருந்த போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசித் துளி வரைக்கும் உள்ளே ஊற்றினார். இரண்டுதரம் உதறினார். பிறகு வெறும் போத்தலோடு கற்களுக்கு மேலால் தட்டுத்தடுமாறி இறங்கி வந்தார்.

"இந்தாரும்" என்று என்னிடம் நீட்டினார். "இதுக்குள்ள கொஞ்சம் அள்ளும்."

அந்தப் போத்தல் இன்றைக்கும் எங்கள் வீட்டு யன்னலில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் கடல் மணப்பதில்லை, டீசல்தான் மணக்கிறது.