அம்மா இறங்காத கடல்

சபையில் புதியவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ‘ஞானஸ்நானம் என்றால் என்ன? பழைய வாழ்வுக்கு மரித்து, புதிதாய் எழுந்திருத்தல்.’ இத்தனை வருடத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

சுனாமிக்குப் பிறகு, பாண்டிருப்பு அகதிமுகாம் கூடாரத்தில் போதகர் எங்களுக்கு வாசித்ததும் இதே வரிதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஜெபத்தில் இருக்கும்போது மட்டுமே அம்மா அழாமல் இருந்தாள். அதனால் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தாள்.

ஞாயிறு காலை, வெள்ளை உடுப்போடு எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா ஈரமணலிலேயே நின்றுவிட்டாள்.

“பயப்படாதீங்க அக்கா. தண்ணிக்குள்ள போறது சாவு, வெளிய வாறது உயிர்” என்றார் போதகர்.

“போனதக் கண்டன் ஐயா. வந்ததத்தான் காணல்ல. கிணத்துத் தண்ணிய ஊத்துங்களன்.”

அவர் தலையாட்டி மறுத்தார். “உங்களுக்கு இன்னும் விசுவாசம் வரல்ல.”

சாகும்வரை அம்மா ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பாள். ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்குத் திருவிருந்து இல்லை; அது கொடுக்கும் நேரம் எழுந்து வெளியே போய் நிற்பாள்.

மகள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ‘விசுவாசம் என்றால் என்ன?’

“அதுக்குக் கீழ அம்மம்மாட பேர எழுது” என்றேன்.