காய்ச்சலை மறைத்தவள்

தடுப்பூசி முகாமில் நர்ஸ் கேட்டது என் கணவரிடம். "காச்சல், சளி ஏதும் இருக்காண்ணே?" பதில் சொன்னது நான். "ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்காரு." பிறந்த வீட்டிலேயே எனக்கு முந்திரிக்கொட்டை என்றுதான் பெயர்.

மூன்று நாள் அடித்த காய்ச்சல் முந்தின நாள்தான் விட்டிருந்தது. டாக்டரிடம் போகாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன். கொரோனா ஊசி போட்ட சீட்டு இல்லாதவர்களை அவர் வேலை பார்க்கும் நூல் மில் கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்று பேச்சு. காய்ச்சல் என்று ஊசி போடாமல் திருப்பி அனுப்பிவிட்டால் வேலை போய்விடுமே என்ற பதற்றம் எனக்கு. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முறைத்ததும் அடங்கிவிட்டார்.

இரண்டு வாரத்தில் அவருக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டன. நரம்பு நோய் என்றார் மதுரை டாக்டர். ஊசியாலா என்று கேட்டோம். இருக்கலாம், முன்னால் காய்ச்சல் ஏதும் வந்திருந்தால் அதனாலும் இப்படி ஆகும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போவதென்று முடிவானது. திண்டுக்கல் வக்கீல் முதலில் என்னிடம்தான் விவரம் கேட்டார். ஊசிக்கு முன்னால் எந்த நோவும் இல்லை என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் பயம் என்னை விடவில்லை. மெடிக்கல் கடைக்காரர், "அண்ணன் இப்ப எப்பிடி இருக்காரு?" என்று கேட்டால்கூட, சாட்சி சொல்லப் போகிறவர் துப்பு விசாரிப்பதாகத் தோன்றியது. அந்தக் கடை இருக்கும் தெருவில் நடப்பதையே விட்டேன்.

கையெழுத்துப் போடும் நாளில் அவரை ஆட்டோவில் கூட்டிப்போனேன். வக்கீல் மனுவை வாசித்தார். 'ஊசிக்கு முன் எந்த நோயும் இருந்ததில்லை' என்ற இடத்தில் என் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணு நாள் காச்சல்ல கெடந்தேன் சார். நர்ஸ்கிட்ட நான் சொல்லல."

வக்கீல் தாளை மேசையில் வைத்தார். "இத எழுதினா, காச்சலாலதான் கால் போச்சுன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. கேசே நிக்காது."

"பொய்ச் சத்தியம் வேணாம் சார். எழுதிருங்க."

நான்தான் சொல்லவிடவில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முந்துகிற வாய், அன்றைக்கு முந்தவில்லை. வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

"முகாமுக்கு நீங்களும் கூடப் போனீங்களாம்மா?"

என் கணவர் தலையைத் தூக்கவில்லை.

"இல்ல சார்" என்றேன். "நான் வீட்டுல இருந்தேன்."