பீலியடியில் பத்து மணிக்கு

உலகம் எப்போது கெட்டது என்று தனசிங்கிடம் கேட்டால் நாள் தேதியோடு சொல்வார். மஞ்சமேடு எஸ்டேட் ஃபேக்டரியில் காலைச் சங்கு ஊதுவதை நிறுத்தினார்களே, அன்றைக்கு. ஆறே கால் சங்குக்கு எழுந்து பழகிய சனம் அதன்பிறகு போனில் அலாரம் வைத்துக்கொண்டது. அவனவன் நேரம், அவனவன் இஷ்டம் என்று ஆகிப்போனது. அந்த எஸ்டேட் ஆபீஸில் முப்பத்தொன்பது வருசம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனுசன் அதைப் பொறுப்பாரா? சங்கு போனால் போகட்டும், நான் இருக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

நாலு வருசமாக தினமும் ஆறே காலுக்கு எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் குரல் வந்து விழும். "மஞ்சமேட்டு மக்களுக்கு ஸ்தோத்திரம், வணக்கம். இன்னைக்கு ரெண்டு விசயமுங்க." ரெண்டு என்று ஆரம்பித்து ஏழில் போய் நிற்கும். கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் வந்தார்களா, வெளியூர்க்காரர்கள் தேயிலைக்குள் இறங்கி நின்று போட்டோ எடுத்தார்களா, நாட்டு நடப்பு எதுவானாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். அதிலும் மழைக்கு ஸ்கூல் லீவ் விட்டால் அன்றைக்குக் கச்சேரிதான். "நாங்கெல்லாம் சாக்கைத் தலையில போட்டுட்டு நாலு மைல் நடந்தோமுங்க. இப்ப தூறல் விழுந்தா லீவு. பயம், எதுக்கெடுத்தாலும் பயம்!"

சனம் அடுப்படியில் நின்று கேட்டுச் சிரிக்கும். சிரித்தாலும் கேட்கும். ரேஷன் கார்டு, பென்சன், சாதிச் சான்றிதழ் என்று கீழ் லைன் வீடுகளில் அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுத்த கை அவருடையது. கிளாக்கரய்யா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அவருக்கு எல்லாவற்றையும் விட வயிற்றெரிச்சல், புதிதாக வந்த ரிசார்ட்டின் மேல். கீழ் லைனுக்கு நேர் மேலே மலையைச் செங்குத்தாக வெட்டி, மரத்தைச் சாய்த்து, குன்னூர்க் குளிரில் நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். "குளிருக்குக் கம்பளி போத்தற ஊர்ல குளிக்கறதுக்குக் குளமாம்!" என்று மூன்று நாள் பேசினார். அதில் அவர் சொன்னது ஒன்றும் தப்பில்லை. அந்த வெட்டின மண்ணைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும்.

இந்த வருச ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்கள், ஒன்பது நாள் விடவில்லை. திங்கட்கிழமையோடு கரண்டும் போனது. போனுக்கு மட்டும் ஃபேக்டரி ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆண்டாயி குடையும் காலிக் குடமுமாக அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து அப்பன் ஆத்தாளோடு வந்தவள். ஐம்பத்தெட்டு வயதாகியும் லைன் வீட்டை லயம் என்றுதான் சொல்வாள். லயத்துக்குப் பின்னால் மலையூற்று வந்து விழுகிற குழாயைப் பீலி என்றுதான் சொல்வாள். அவள் சொல்லிச் சொல்லி ஊரே அதைப் பீலி என்று சொல்லப் பழகிவிட்டது.

"ஐயா, பீலி நின்னு போச்சுங்க. சொட்டுத் தண்ணி இல்ல. இந்தக் கொட்டு கொட்டறப்ப பீலி நிக்கலாங்களா? எனக்கு என்னமோ மனசு சரியில்லீங்க" என்றாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் மஞ்சமேட்டில் ஒருத்தர் உண்டென்றால் அது தனசிங்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்திரண்டு வயதில், மேல் டிவிஷனில் ஒரு லைன் முழுக்க மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர். ஆள் பேர் பதிகிற செக்ரோலை மடியில் வைத்துக்கொண்டு செத்தவர்கள் பேரை ஒவ்வொன்றாக எழுதினவர். தண்ணிக் குழாய் பார்த்துக்கொண்டிருந்த காத்தமுத்து ஒருத்தன்தான் தப்பித்தான். அவன் நடுங்கிக்கொண்டு சொன்னதை ரிப்போர்ட்டில் எழுதினதும் அவர்தான். "முந்தின நாள் நல்ல மழையில ஊத்து நின்னுச்சுங்க. மறுநாள் செம்மண் கொழம்பாத் திரும்பி வந்துச்சு. ஒரு பீடி குடிக்கற நேரந்தாங்க, மலை வந்துருச்சு."

ஆனால் அன்றைக்கு அவர் வாயில் முதலில் வந்தது ரிசார்ட். "வேற யாரு? மேல இருக்கறவன் பைப்பைப் போட்டு உறிஞ்சிட்டான். நீ போ ஆண்டாயி, காலைல நான் பேசிக்கறேன்" என்றார். ஆண்டாயியின் முகம் தெளிந்தது. காரணம் தெரிந்துவிட்டதல்லவா, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் வி.ஏ.ஓ பிரியா கையில் மைக்கோடு வந்தது. இருபத்தாறு வயதுப் பெண். மழைக்கோட்டுக்குள் பேன்ட் போட்டிருந்தது, அது வேறு தனசிங்குக்குக் கண்ணை உறுத்தியது. "ஐயா, ரெட் அலர்ட் குடுத்துருக்காங்க. கீழ் லைன் சனம் நான் சொன்னா அசைய மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் ஸ்கூல் முகாமுக்கு வந்துருவாங்க. ப்ளீஸுங்கய்யா" என்று கெஞ்சியது.

"வயசுப் புள்ளைங்களை வெச்சுட்டு ஊரோட ஒரே தரையில படுக்கச் சொல்றியாம்மா? நாப்பது வருசம் இந்த மழையைப் பாத்தவங்க நாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் வீடு சர்ச்சுக்குப் பக்கத்தில், எதிர் மேட்டில், பாறை மேல் இருக்கிறது. அது அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஆறே காலுக்கு அவர் குரல் என்றைக்கும் இல்லாத வேகத்தில் வந்தது. "நம்ம தண்ணியைத் திருடிட்டானுங்க. நம்மள முகாமுக்குத் துரத்திட்டு லைனைப் புடுங்கத்தான் இந்த நாடகம். இன்னைக்குப் பத்து மணிக்கு எல்லாரும் காலிக் குடத்தோட பீலியடில கூடுங்க. தாசில்தார் வர்ற வரைக்கும் நகரக் கூடாது. யாரு வந்து பயமுறுத்தினாலும் சரி, ஏன், நானே பயந்துபோயி வந்து கூப்பிட்டாலும் போகாதீங்க!" அந்தக் கடைசி வரி அவருக்கே ரொம்பப் பிடித்துப்போனது. இன்னொரு தடவை போட்டுக் கேட்டுக்கொண்டார்.

ஒன்பதரைக்குக் கிளம்பத் தயாராகிக் குடையை எடுக்கும்போது சம்சாரம் ஈவ்லின் அடுப்படியிலிருந்து கேட்டார். "ஏனுங்க, அந்த ரிசார்ட்காரங்க எப்படித் தண்ணியை உறிஞ்சினாங்க?"

"மோட்டார் போட்டுத்தான். வேற எப்படி?"

"கரண்டு போயி நாலு நாளாச்சுங்களே."

"ஜெனரேட்டர் இருக்கும்."

"ஓட்டறதுக்கு ஆளு? ரிசார்ட்டைப் பூட்டிட்டு ஓடிட்டானுங்க, ஒரு ஈ காக்கா இல்லைனு செவ்வாக்கிழமை நீங்கதானே சொன்னீங்க. ஊரே கேட்டுச்சே."

தனசிங் குடையைப் பிடித்தபடி நின்றார். காத்தமுத்துவின் குரல் நேற்றுச் சொன்னதுபோலக் காதில் கேட்டது. ஐயோ, ஆண்டவரே, நான் என்ன காரியம் பண்ணி வைத்தேன் என்று வாய்விட்டே சொன்னார். வெட்டின மலையடியில், நின்றுபோன பீலியடியில், குழந்தை குட்டியோடு சனத்தை வரச் சொல்லி நானே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறேனே!

போனை எடுத்துக் கத்தினார். "யாரும் பீலியடிக்குப் போகாதீங்க. நான் சொன்னது தப்பு. ஸ்கூலுக்கு ஓடுங்க." அனுப்பினார். அது போகவில்லை. எட்டு மணியோடு டவரும் செத்திருந்தது. பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம் ஒன்று நின்றுகொண்டே இருந்தது.

அறுபத்தெட்டு வயது, தேய்ந்த முட்டி, சேறு பிடித்த முந்நூறு படி. குடையை எறிந்துவிட்டு இறங்கினார். ரெண்டு இடத்தில் விழுந்தார். வழியில் ரோட்டோரத் தடுப்புச் சுவர் தொப்பை தள்ளி நின்றது, நேற்றுவரை அப்படி இல்லை. தேயிலைக்குள் நடப்பட்டிருந்த நிழல் மரங்களில் நாலு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவர் ஓடினார்.

பீலியடியில் நாற்பது பேருக்குக் குறையாது. பெண்களும் ஆண்களும், இடுப்பில் பிள்ளைகளும், வரிசையாகக் காலிக் குடங்களும். சொன்ன சொல் தவறாமல், பத்துக்குப் பத்து நிமிசம் முன்னாலேயே வந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் கை தட்டினார்கள்.

"போங்க! எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க! மலை வரப்போகுது!" மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. அப்புறம் சிரித்தது. "ஐயா நம்மள டெஸ்ட் பண்றாருடி" என்றது ஒரு குரல். "இல்ல, அந்த பேன்ட்டுக்காரப் புள்ள மெரட்டி அனுப்பிருக்கும்" என்றது இன்னொன்று. ஆண்டாயி தன் போனை மேலே தூக்கிப் பிடித்து, காலையில் வந்ததைப் போட்டுவிட்டாள். அவருடைய குரலே அவருக்கு எதிராக மழைக்கு மேல் கணீரென்று கேட்டது. நானே பயந்துபோயி வந்து கூப்பிட்டாலும் போகாதீங்க! மறுபடியும் கை தட்டல்.

"அது தப்பு, ஆண்டாயி. நான் சொன்னது பொய். உன் காலைப் பிடிக்கிறேன், கெளம்பும்மா." சேற்றில் நின்று கும்பிட்டார். கிளாக்கரய்யா கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஆண்டாயியின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. "ஐயா, என்னங்க இது..." என்று ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

அப்போது பீலி இருமியது. ரெண்டு தடவை காற்றைத் துப்பிவிட்டு, குழாய் நிறைய வந்தது தண்ணீர். செக்கச் செவேலென்று, குழம்பாக.

"வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!" என்று கூட்டம் கூவிக்கொண்டு முண்டியது. இடுப்புப் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுக் குடத்தை நீட்டினாள் ஒருத்தி. ஆண்டாயிக்குப் போன சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "பாத்தீங்களாய்யா, நாம கூடுனதும் பயந்து தொறந்து விட்டுட்டானுங்க. நீங்க சொன்னது பலிச்சுருச்சு" என்றாள்.

தனசிங் அவள் கையைப் பிடித்து இழுத்தார். எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவும் போட்டு இழுத்தார்.

அவள் கையை உதறவில்லை, மரியாதை தெரிந்தவள். அசையவும் இல்லை. "ஒரு நிமிசம் இருங்கய்யா," என்றாள், "கொடம் நெறையட்டும்."