குத்துக்கா, இன்னும் பலமா

தலைப்பிரசவத்துக்குப் போன என் தங்கச்சி வார்டில் வைத்து என்னை அறைந்தாள். துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள் என்பதால் நான் உள்ளே இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனி கம்பெனியாக மாறிக்கொண்டிருந்தவள் நான். அந்த வாரம் எந்தக் கம்பெனியிலும் இல்லை.

விடியும்போதே வலி வந்துவிட்டது. ஆனால் கர்ப்பப்பை வாய் பாதிக்குமேல் திறக்கவில்லை. மத்தியானம் வரை பார்ப்போம், நகரவில்லை என்றால் ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். ஆபரேஷனே வேண்டாம் என்றாள் தங்கச்சி. எங்கள் தெருவில் ஆபரேஷன் செய்த ஒருத்திக்குத் தையல் பிரிந்து சீழ் பிடித்தபோது, தினமும் துடைத்துவிட்டவள் இவள்தான்.

வாசலில் நிற்க வேண்டிய அவள் மாமியார், நர்ஸ் அந்தப்பக்கம் திரும்பியதும் உள்ளே வந்துவிட்டார். "வாய மூடிக்கினு முக்குடி!" என்று கத்தினார். தங்கச்சியும் முக்கினாள். முகம் வீங்கி, கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது. அதுவும் போதாமல் மாமியார் இரண்டு கையாலும் மேல்வயிற்றை அமுக்கினார். ஓடிவந்த நர்ஸ் அந்தக் கையைத் தட்டிவிட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"யம்மா, கர்ப்பப்பை வாய் தொறக்காம முக்கினா அது வீங்கிக்கும். புள்ளையக் கொல்லவா வந்தீங்க?"

"நான் ஆறு பெத்தவ!"

"அப்ப வெளிய போயி ஏழாவதப் பெறுங்க."

மாமியார் போனதும் நர்ஸ் என்னிடம் சொன்னார்: "மல்லாக்கப் படுக்க விடாத. நடக்க வை. வலி வந்தா முன்னால சாஞ்சி நிக்கட்டும், நீ இடுப்புக்குக் கீழ எலும்புமேல முஷ்டியால அமுக்கு. தண்ணி குடு. மூத்திரத்த அடக்க விடாத."

நடந்தோம். ஒவ்வொரு வலிக்கும் என் கழுத்தைக் கட்டித் தொங்கினாள், தோளைக் கடித்தாள். நான் பயந்து பயந்து அமுக்கினேன். அப்போதுதான் அந்த அறை விழுந்தது.

"இன்னா, பூ தொடுக்கிறியா? குத்துக்கா!"

இரும்புத் தகடு தூக்கிய கை என்னுடையது. முழு பாரத்தையும் போட்டுக் குத்தி அழுத்தினேன். "ஆங், அங்கதான்" என்று முனகினாள். வலி விட்டதும், "அந்த நாயி வரட்டும், அவன் வேல செய்ற மில்லு கம்பியாலயே மொத்துறேன்" என்று புருஷனைத் திட்டினாள்.

பக்கத்துக் கட்டில்காரி தன் வலியோடு சிரித்தாள். "எங்கூட்டுக்காரருக்கும் சேத்து ரெண்டு போடு."

பிறகு தங்கச்சி முக்கியே தீருவேன் என்றாள். "முக்காத, வாயால மூச்ச ஊது" என்றேன். என் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினாள். நர்ஸ் வந்து உள்ளே கை விட்டுப் பார்த்து, "தொறந்துடுச்சி, இனிமே முக்கு" என்றார். தங்கச்சி கட்டில்மேல் ஏறி, கம்பியைப் பிடித்துக் குந்தினாள். அவள் கதறலோடு ரத்தமும் தண்ணியுமாகப் பிள்ளை வந்து விழுந்தது. நீலமாக இருந்தது, சத்தமில்லை. நர்ஸ் துணியால் அதன் முதுகைப் பரபரவென்று தேய்த்து, உள்ளங்காலில் சுண்டினார். அழுதது. பெண்.

"கத்தி வெக்கலல்ல?" என்று தங்கச்சி கேட்டாள்.

"வயித்துல வெக்கல. கீழ கிழிஞ்சிருக்கு, தையல் போடணும்" என்று நர்ஸ் ஊசியை எடுத்தார்.

தங்கச்சி உதைத்தாள். தட்டு பறந்து கத்தரிகள் தரையில் சிதறின. நர்ஸ் வேறு தட்டு கொண்டுவரச் சொன்னார். நான் அவள் காலைப் பிடித்து, அவளுடைய வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டு, தையல் முடியும்வரை விடவில்லை.