பொற்கொடியின் பத்து பீன்ஸ் செடிகள்

சரவணம்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். பொற்கொடி அங்கே வந்து சேர்ந்தது பி பிளாக்கின் படிகளையும் நடைகளையும் துடைக்கும் வேலைக்கு. சேலைக்கு மேல் நீலச் சட்டை, கையில் வாளி, மாப்பு. காலை ஏழு மணிக்கு ஐந்தாவது மாடியில் தொடங்கினால் பத்தரைக்குக் கீழே வந்துவிடுவார். நாற்பத்து நான்கு வயது. அதிகம் பேசமாட்டார். ஆனால் எந்த வீட்டு வாசலில் செடி இருந்தாலும் அங்கே மட்டும் கால் நிமிடம் நின்று இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

அவர் பிறந்தது கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பம். பொற்கொடியும் பதினோரு வயதில் தக்காளிக் காட்டில் இறங்கினார். நாற்று நடுவது, களை எடுப்பது, காய் பறிப்பது என்று முப்பது வருடம். மகள் கிருபாவுக்குக் கோயமுத்தூரில் கல்லூரி இடம் கிடைத்ததும் கணவர் அன்புமணியோடு இங்கே குடிவந்தார். அன்புமணி சரக்கு வண்டி ஓட்டுகிறார்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது ஒரு செம்பருத்தியால். என் வாசல் தொட்டியில் மொட்டெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு படிந்ததுபோல் மாவுப்பூச்சி. கடையில் வாங்கிய மருந்தை வாரம் ஒரு முறை அடித்துக்கொண்டிருந்தேன். போவதும் வருவதுமாக இருந்தது. ஒருநாள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க மேடம், பூச்சிய அப்பறம் பாக்கலாங்க. மொதல்ல எறும்ப நிறுத்துங்க."

"எறும்பு என்ன செய்யுது?"

"அந்தப் பூச்சி ஒரு இனிப்புத் தண்ணி விடுமுங்க. அதக் குடிக்கறதுக்காக எறும்பு அதுகளக் காவல் காக்குது. நீங்க அடிச்சுக் கொன்னா, மறுபடி கொண்டாந்து உட்டுப்போடும். ஒரு அகலத் தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல செங்கல் வெச்சு, அதுமேல தொட்டிய வைங்க. செடி செவத்துல படக்கூடாது. அப்பறம் சோப்புத் தண்ணில பூச்சியக் கழுவுங்க. போதுமுங்க."

மூன்று வாரத்தில் செம்பருத்தி பூத்தது. அதிலிருந்து செடி விஷயம் எதுவானாலும் நான் அவரைத்தான் கேட்டேன். மற்றவர்களுக்கு அவர் துடைக்கிற பெண் மட்டும்தான்.

போன வருடம் பிப்ரவரியில் எங்கள் பொதுத் தோட்டத்துக்குக் கேடு வந்தது. பிளாக்குகளுக்கு நடுவே புல்வெளி, ரோஜாப் பாத்தி, கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை மரம், மாடியில் காய்கறித் தொட்டிகள் எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் இலையின் ஓரம் தீயில் காட்டியதுபோல் கருக ஆரம்பித்தது. தோட்டப் பராமரிப்புக்கு அமர்த்தியிருந்த ஆள் வந்து பூஞ்சை என்றார், மருந்தடித்தார். நிற்கவில்லை. பிறகு சத்துக் குறைவு என்று உரம் போட்டார். இன்னும் வேகமாகக் கருகியது. மார்ச் கடைசியில் ரோஜாப் பாத்தியில் குச்சிகள்தான் நின்றன.

ஏப்ரல் முதல் ஞாயிறு காலை குடியிருப்போர் கூட்டம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. செயலாளர் ஈஸ்வரமூர்த்தி கையைத் தூக்கச் சொல்லவிருந்தார். கணபதி பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கறாரான மனிதர், நேர்மையானவர்.

டீ கொண்டுவந்த பொற்கொடி, தட்டை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"சார், சித்த நேரம் நான் பேசலாங்களா?"

யாரோ சிரித்தார்கள். ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, டீ பத்தலையா?"

"டீ இருக்குதுங்க. செடியப் பத்திங்க. அது நோவு இல்லீங்க சார். தண்ணிங்க."

"பத்து வருஷமா அதே போர் தண்ணிதானே ஊத்தறோம்?"

"அதே தண்ணி இல்லீங்க. தை மாசத்துல இருந்து மாறிப்போச்சுங்க." பொற்கொடி நிறுத்தவில்லை. "மாப்பு வாளிக்கு ரெண்டு மூடி சோப்பு ஊத்துவனுங்க. அப்பத்தான் கொஞ்சமாச்சும் நுரை வரும். தையில இருந்து அரை மூடி ஊத்துனாலே வாளி பொங்குது. தொட்டா வழவழன்னு இருக்குது. மாடியில புதுசா சாப்ட்னர் மெஷின் வெச்சு உப்பு மூட்டையக் கொட்டறீங்களே, அந்தத் தண்ணிங்க அது. தோட்டத்துக் குழாய்லயும் புடிச்சுப் பாத்தேன். அதே நுரைதானுங்க."

எல்லோரும் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார்கள். கடினத் தண்ணீரை மென்மையாக்கும் அந்த சாப்ட்னரைக் கொண்டுவந்ததே அவர்தான். குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதை நிறுத்த வேண்டும் என்று ஒரு வருடம் போராடி எல்லோரையும் சம்மதிக்க வைத்திருந்தார்.

"தோட்டத்துக் குழாய் தனி லைனம்மா. சாப்ட்னருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"எனக்கு லைன் தெரியாதுங்க சார். செடி தெரியும்ங்க. நோவுன்னா ஒரு செடியில வந்து பக்கத்துக்குப் பரவும். ரோஜா நோவு வேற, கறிவேப்பிலை நோவு வேற. ரோஜா, புல்லு, எலுமிச்சை எல்லாத்துக்கும் ஒரே மாசத்துல, ஒரே மாதிரி ஓரம் கருகுமுங்களா? எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறது தண்ணி ஒண்ணுதானுங்க."

கீழ்த்தள வீட்டு ராமாமணி எழுந்தார். அறுபதைத் தாண்டியவர். கூட்டங்களில் வாயே திறக்காதவர். "பொற்கொடி சொல்றதுல விஷயம் இருக்கு. என் தொட்டிக்கெல்லாம் ஏசியில இருந்து வடியற தண்ணியத்தான் ஊத்தறேன். பாத்தியில இருந்து நாலடி தள்ளித்தான் வெச்சிருக்கேன். ஒரு இலைகூடக் கருகல."

ஈஸ்வரமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டெஸ்ட் பண்ணாம எதையும் ஒத்துக்கற பழக்கம் எனக்கில்ல."

"செரிங்க. டெஸ்ட்டே பண்ணுங்க," என்றார் பொற்கொடி உடனே. "பத்து பீன்ஸ் நாத்து கொண்டாரேன். உப்புப் பட்டா மொதல்ல சொல்றது பீன்ஸ்தானுங்க. ஒரே மண்ணு, ஒரே வெயிலு. அஞ்சுக்குத் தோட்டத்துக் குழாய்த் தண்ணி, அஞ்சுக்கு வாட்ச்மேன் ரூம் பக்கத்துல வர்ற நல்ல தண்ணி. நான் தொடமாட்டேனுங்க. நீங்களே ஊத்துங்க."

பிளாஸ்டிக் புல் தீர்மானம் ஒரு மாதம் தள்ளிப்போனது.

மறுநாள் துப்புரவு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் வந்து அவரை எல்லோர் முன்னும் திட்டினார். கூட்டத்தில் வாயாடினால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார். மாற்றினால் இரண்டு பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கும். பயமாக இல்லையா என்று நான் கேட்டேன்.

"தப்பாச் சொல்லியிருந்தாத்தானுங்க பயம்," என்றார். மாப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார். கை மட்டும் தேவைக்கு மேல் இறுக்கிப் பிழிந்தது.

பத்து நாற்றுகளும் வந்தன. எல்லாம் ஒரே உயரம், ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. ஈஸ்வரமூர்த்தி தொட்டிகளில் எண் எழுதினார். காலை ஆறரைக்கு அளவுக் குவளையோடு மொட்டை மாடிக்குப் போவார், ஊற்றுவார், நோட்டில் குறிப்பார். தொட்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டி யாரையும் உள்ளே விடவில்லை. பொற்கொடியும் சொன்னபடி அந்தப் பக்கமே போகவில்லை. ஆறாம் நாள் படியில் எதிர்ப்பட்டபோது, "எல்லாம் பச்சையாத்தான் இருக்கு" என்றாராம் ஈஸ்வரமூர்த்தி. அன்று பொற்கொடி மத்தியானச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை என்று கூட வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் ஐந்து செடிகளின் இலை ஓரத்தில் மஞ்சள் கோடு. பன்னிரண்டாம் நாள் அது பழுப்பாகி, தொட்டால் நொறுங்கியது. மற்ற ஐந்தும் கொடி வீசிக் குச்சியைத் தேடிக்கொண்டிருந்தன.

அன்று காலை பி பிளாக் மூன்றாவது மாடிப் படியில் ஈஸ்வரமூர்த்தி இறங்கி வந்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். கையில் இரண்டு தொட்டிகள், ஒன்று கருகியது, ஒன்று பச்சை. பொற்கொடியின் முன்னால் இரண்டையும் படியில் வைத்தார்.

"நீங்க சொன்னது சரிங்க பொற்கொடி."

அதுவரை பொற்கொடியை அவர் 'நீங்க' என்று அழைத்து நான் கேட்டதில்லை. பொற்கொடி குனிந்து கருகிய செடியின் இலையைத் தொட்டார். "பாவமுங்க இது," என்றார்.

ஈஸ்வரமூர்த்தி அதோடு விடவில்லை. பிளம்பரைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஒவ்வொரு குழாயாகத் தொடர்ந்து போனார். சாப்ட்னர் வைத்தபோது பழைய தோட்டத்து லைனில் கசிவு இருந்ததால், கேட்காமலேயே அதை சாப்ட்னரின் தண்ணீர்த் தொட்டியோடு இணைத்திருந்தார்கள். கடினத் தண்ணீரை மென்மையாக்க அந்த இயந்திரம் சோடியத்தைக் கலக்கிறது. குழாய்க்கும் துணிக்கும் அது நல்லது, வேருக்கு ஆகாது. மூன்று மாதமாகச் செடிகள் அதைத்தான் குடித்திருக்கின்றன. பராமரிப்பு ஆள் போட்ட உரம் மண்ணில் உப்பை இன்னும் ஏற்றியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஈஸ்வரமூர்த்தி இதையெல்லாம் எழுதிவைத்து வாசித்தார். இயந்திரத்தைக் கொண்டுவந்தது தானே, லைனைச் சரிபார்க்காமல் விட்டதும் தானே என்று முதல் வரியிலேயே இருந்தது.

"இனி என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க," என்று பொற்கொடியைக் கேட்டார்.

"எங்க பக்கம் களர் நெலத்துக்கு ஜிப்சம் போடுவாங்க சார். தூவி, மண்ணக் கொத்தி உட்டு, நல்ல தண்ணிய நெறையாப் பாய்ச்சோணும். கெட்டது கீழ எறங்கிப் போயிரும். தொட்டிக்கெல்லாம் மண்ணையே மாத்தீரலாம். அதுவரைக்கும் உரம் ஒரு புடிகூட வேண்டாமுங்க."

லைனைப் பிரித்தார்கள். ஜிப்சம் வந்தது. மே மாதம் கோடை மழை நான்கு நாள் விடாமல் பெய்து பாதி வேலையைச் செய்துகொடுத்தது. ஜூலையில் கறிவேப்பிலை துளிர்த்தது. புல் திட்டுத்திட்டாகப் பச்சை பிடித்தது. ரோஜாவில் பாதிதான் பிழைத்தது. எலுமிச்சை பிழைக்கவில்லை. அடிமரத்தை நகத்தால் கீறிக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார் பொற்கொடி. ஆகஸ்டில் அவரே அதை வெட்டச் சொன்னார். வெட்டும்போது பக்கத்தில் நிற்காமல் ஏ பிளாக் பக்கம் போய்விட்டார். "பிப்ரவரியிலேயே எனக்குச் சந்தேகமுங்க. சொன்னா யாரு கேப்பாங்கன்னு இருந்துபோட்டேன். சொல்லியிருக்கோணும்," என்று என்னிடம் பிறகு சொன்னார்.

அதன் பிறகு மாடித் தொட்டிகளிலும் அவரே நட்டுப் பார்த்துவந்தார்; இந்த ஜனவரிக் கூட்டத்தில் அவரைத் தோட்டப் பொறுப்பாளராக நியமித்தார்கள். ஒப்பந்தக்காரர் மூலமாக அல்ல, சங்கத்தின் நேரடி ஊழியராக. அவர் இரண்டு நிபந்தனை சொன்னார். செடிக்கு எந்த மருந்து வாங்குவதானாலும் தன்னைக் கேட்க வேண்டும். உதவிக்கு இரண்டு பேரைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு கைகூட எதிர்த்து எழவில்லை.

இப்போது சனிக்கிழமை காலை அவர் வீடு வீடாக வருகிறார். மிளகாய் இலை சுருண்டால், இலையைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் இலைப்பேனைக் காட்டுகிறார். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகினால் பூச்சி மருந்தைத் தேடாதீர்கள், ஒருநாள் காயவிட்டு மறுநாள் மூழ்கடிக்காமல் தினமும் அளவாகத் தண்ணீர் விடுங்கள் என்கிறார். நன்றாக இருக்கும் செடியைப் பார்த்தால், "இத ஒண்ணும் பண்ணாதீங்க, உட்ருங்க," என்கிறார். போன மாதம் காளப்பட்டியிலிருந்து வேறொரு குடியிருப்புக்காரர்கள் கார் அனுப்பிக் கூட்டிப்போனார்கள்.

பொறுப்பேற்ற அதே மாதம், பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் அவருடைய அப்பா அங்கப்பன் ஊரிலிருந்து வந்தார். எழுபத்தாறு வயது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கேட்டருகே செருப்பைக் கழற்றப் போனவரைப் பொற்கொடி தடுத்துக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். மொட்டை மாடியில் அவரைக் கண்டேன். பந்தலில் பீர்க்கை தொங்கியது. கத்தரி நிறையக் காய்த்திருந்தது. பெரியவர் ஒரு தொட்டியில் விரலை விட்டு மண்ணை உருட்டிப் பார்த்தார். எழுந்து எல்லாப் பக்கமும் பார்த்தார்.

"இது யாரு தோட்டம் கண்ணு?"

வாழ்நாள் முழுவதும் வேறொருவர் பெயரையே பதிலாகக் கேட்டுப் பழகிய கேள்வி அது.

"எம்பட பொறுப்புல இருக்கற தோட்டமுங்கப்பா. இங்க நான் சொல்றதுதான்."

அந்த நேரம் ஈஸ்வரமூர்த்தி படியேறி வந்து, "பொற்கொடி, அவரைக்கு எப்ப விதை போடலாம்னீங்க?" என்று கேட்டார். பொற்கொடி பதில் சொல்லி முடிக்கும்வரை அங்கப்பன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு நேராக நின்றார்.

போகும்போது மகள் ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்தார். உக்கடம் பஸ் நிலையத்தில் ஏற்றிவிடப் போன அன்புமணிதான் எங்களுக்கு மிச்சத்தைச் சொன்னார். பொள்ளாச்சி பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்த கிழவர், பையை மடியில் திறந்துவைத்துக்கொண்டாராம். வண்டி நகர்வதற்குள்ளேயே பக்கத்து சீட்டுக்காரர், முன் சீட்டுக்காரர், கண்டக்டர் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு காய் எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

"எம்பட புள்ள தோட்டத்துக் காயிங்க. ஒரு சொத்தை இருக்காது, பாத்துக்குங்க."